வெளிச்சவீடு பார்க்கப் போன நாள்

விடுதியில் என்னோடு ஒரே அறையில் படுத்து எழும்பியவர்களே, எனக்கு வேலை கிடைத்ததென்று போன மாதம் எல்லாரும் கூடியிருந்தபோது மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டீர்கள். "நீ வந்த அண்டைக்கு, லீவு முடிஞ்சு வந்த நாங்களே குழறி அழுதம். நீ மட்டும் ஏனடி கல்லுமாதிரி நிண்டனி?" உங்களில் சிலருடைய மடியில் இப்போது பிள்ளைகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழக்கம்போலச் சிரித்துவிட்டுத் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு நான் விடுதிக்கு வரப் புறப்படவில்லை. அப்பா, அம்மா, சித்தப்பாவோடு வள்ளத்தில் வெளிச்சவீடு பார்க்கப் புறப்பட்டேன். பொழுதுபட முன்னர் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் திரும்பினார்கள், நான் திரும்பவில்லை. ஒரு சொல்கூடச் சொல்லாமல் ஏன் என்னை விட்டுவிட்டுப் போனார்கள் என்ற கேள்வியோடுதான் உங்கள் நடுவில் வளர்ந்தேன்.

எங்கள் வீடு பருத்தித்துறைக் கரையோரம். அந்த வீட்டில் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்கு எப்போதும் விருப்பம். அப்பா பள்ளிக்கூடத்தில் படித்த நாட்களைவிட, இடம்பெயர்ந்து போய்ப் பள்ளிக்கூடத்தில் படுத்த நாட்கள் அதிகம். அம்மா இன்றைக்கும் கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவார். சித்தப்பாவுக்கு எண்கள் மட்டும் தெரியும். நான் எதை வாசித்தாலும் "பண்டிதர் தொடங்கிட்டா" என்பார். அவருடைய கேலியில் எனக்குக் கோபம் வந்ததில்லை. உண்மையாகவே நான் ஒரு பண்டிதர் என்றுதான் நினைத்திருந்தேன்.

முற்றத்தில் நின்று பார்த்தால் எங்கள் ஊர் வெளிச்சவீட்டின் தலை மட்டும் தெரியும். கிட்டப் போக முடியாது, சுற்றிவரக் கம்பி வேலி. ஆனால் என்னுடைய பாடப் புத்தகத்தில் எங்கேயோ உள்ள ஒரு வெளிச்சவீட்டின் படம் இருந்தது. அதற்கு வாசல் இருந்தது, வாசலில் பூச்சாடி இருந்தது, மேலே போகப் படி இருந்தது. அந்தப் படியில் ஏறவேண்டும் என்று நான் அப்பாவை அரித்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முதல் வாரம் அவர் வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"நீ பாஸ் பண்ணு பிள்ளை. வெளிச்சவீடெல்லாம் கொண்டுபோய்க் காட்டுறன்."

பாஸ் பண்ணினேன். யாழ்ப்பாண நகரத்தில், நீங்கள் எல்லாரும் படித்த அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் எனக்கும் இடம் கிடைத்தது. கிடைக்கப் பிந்திவிட்டதால் சித்திரை விடுமுறை முடிந்து, இரண்டாம் தவணைக்கு வரச் சொன்னார்கள். பருத்தித்துறையிலிருந்து நாளாந்தம் பஸ்ஸில் போய் வருவேன் என்று நானாகவே எண்ணிக்கொண்டேன். அப்படித்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்படியில்லை என்றும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு முறையொன்றைச் சொல்லவேண்டும். உங்களில் பலர் தோட்டக்காரர் பிள்ளைகள், உத்தியோகத்தர் பிள்ளைகள். உங்களுக்குத் தெரிந்திருக்காது. கடலுக்குப் போகிற ஆளைப் பார்த்து "எங்கை போறியள்" என்று எங்கள் வீட்டில் கேட்கக் கூடாது. "கவனமாய்ப் போட்டு வாங்கோ" என்று சொல்லி வழியனுப்பவும் கூடாது. சொன்னால் எங்களுடைய பயத்தைக் கடலுக்குக் காட்டிக்கொடுத்த மாதிரி. போகிறவர் திரும்பிப் பார்க்கமாட்டார். அனுப்புகிறவர் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார். அப்பா சாரத்தை மடித்துக் கட்டினாரென்றால் அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிவிடுவார். தப்பித்தவறி ஒருவர் கேட்டுவிட்டால், புறப்பட்டவர் அந்த இடத்திலேயே இருந்து, தண்ணீர் குடித்து, அப்போதுதான் புதிதாகப் புறப்படுவதுபோல எழும்பிப் போகவேண்டும். திரும்பி வரும்போது வேலி வாசலில், படலையடியில் ஒரு செம்பு தண்ணீரோடு அம்மா நிற்பார். போக்கும் வரவும் எங்களுக்கு இவ்வளவுதான்.

புறப்பட்ட அன்று கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. அம்மா வள்ளத்தில் ஏறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். நடுப்பலகைக்குப் பக்கத்தில் தறப்பாளால் சுற்றிய ஒரு மூட்டை இருந்தது. அம்மா போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணி, என்ன, முட்டை அடைகாக்கிறியளோ?" என்றார் சித்தப்பா.

"நீ வாயை மூடிக்கொண்டு எஞ்சினை இழு."

"குஞ்சு பொரிச்சால் எனக்கும் ஒண்டு தரவேணும்."

அம்மா சிரிக்கவில்லை. மூட்டைக்குள் சாப்பாடு இருக்கிறதென்று நான் நினைத்தேன். என் கவனம் முழுவதும் என் காலில் இருந்தது. கபில நிறத்தில், வார் வைத்து, பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டுப் போட்ட புதுச் செருப்பு. பள்ளிக்கூடத்துக்கென்று அம்மா வாங்கி, பெட்டிக்குள் வைத்திருந்ததை நான் கெஞ்சி மன்றாடிப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். உப்புத் தண்ணீர் பட்டால் தோல் வெடித்துவிடும் என்று அம்மா சொல்லியிருந்தார். ஆகவே இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தபடியே இருந்தேன்.

முனையைத் தாண்டியதும் அப்பா எஞ்சினைத் தணிக்கச் சொல்லி, இடது கைப்பக்கம் காட்டினார். எங்கள் ஊர் வெளிச்சவீடு முழு உருவத்தோடு நின்றது. வெள்ளையாக, மெல்லியதாக, மெழுகுதிரி அளவில் இருந்தது.

"இவ்வளவுதானோ?" என்றேன்.

"ஏன், எழும்பி நிண்டு உனக்கு மாலை போடவேணுமோ?" என்றார் சித்தப்பா. "பண்டிதர் வாறா எண்டு அதுக்கு ஆரும் சொல்லேல்லை."

அப்பா சிரித்துவிட்டுச் சொன்னார்: "கரையிலை நிண்டு பாத்தால் அது சும்மா தூண் பிள்ளை. இஞ்சையிருந்து பாக்கேக்கைதான் வீடு எந்தப் பக்கம் எண்டு தெரியும். வடிவாய்ப் பாத்து வைச்சுக்கொள்."

நான் பார்த்தேன். பாடமாக்கச் சொன்னதுபோலப் பார்த்தேன். எதற்காகப் பார்க்கச் சொல்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். அம்மா அதை மூட்டைக்குள்ளிருந்து எடுக்கவில்லை, தன் பக்கத்திலிருந்த ஓலைப் பையிலிருந்து எடுத்தார். அதையும் நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, எங்கள் வள்ளத்தை முந்திக்கொண்டு பறந்த பறவை மீன்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

காங்கேசன்துறை வெளிச்சவீட்டுக்கு நேரே வந்தபோது கடற்படைப் படகொன்று எங்களை நோக்கி வந்தது. போர் முடிந்து கொஞ்ச காலம்தான். கடலில் போவதற்கான அனுமதிப் பாஸ் எங்களிடம் இருந்தது. ஆனாலும் அப்பா எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு இரண்டு கையையும் தெரியும்படி வைத்துக்கொண்டார். படகில் நின்ற இளைஞன் அரைகுறைத் தமிழில் கேட்டான்:

"எங்க போறது?"

என் அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். எங்கள் வீட்டில் யாருமே கேட்காத கேள்வியை நடுக்கடலில் ஒருவன் சத்தம்போட்டுக் கேட்கிறான். அப்பாவும் சித்தப்பாவும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இதைவிட நல்ல தருணம் கிடைக்குமா? நான் எழும்பி நின்று, பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தில், "டு சீ த லைட் ஹவுஸ், சேர்!" என்றேன்.

அவன் திகைத்துப்போய்ப் பிறகு சிரித்தான். மற்றவனிடம் ஏதோ சொல்ல, அவனும் சிரித்தான். பாஸைப் பார்த்துவிட்டு, கரைக்குக் கிட்டப் போகவேண்டாம், தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு போங்கள் என்று கையால் காட்டினான். அவர்களுடைய படகு திரும்பியபோது எழும்பிய அலையில் எங்கள் வள்ளம் ஆட, நான் விழாமலிருக்க விளிம்பைப் பிடித்தேன். பூட்டுப் போட மறந்திருந்த ஒரு செருப்பு காலிலிருந்து கழன்று கடலுக்குள் போய்விட்டது.

கொஞ்ச நேரம் மிதந்தது. சித்தப்பா துடுப்பால் எட்டிப் பார்த்தார். பிறகு அது பக்கவாட்டில் சரிந்து, பச்சைத் தண்ணீருக்குள் மெல்ல இறங்கி, நிறம் மாறி, இல்லாமல் போனது.

எனக்கு அடி விழும் என்று நினைத்தேன். அம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதார். ஒரு செருப்புக்காகவா இப்படி அழுவது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "அழாதேங்கோ அம்மா, பழைய றப்பர் செருப்பு வீட்டை கிடக்குத்தானே" என்று தேற்றினேன். அவர் இன்னும் கூடுதலாக அழுதார்.

அப்பா தண்ணீர்க் கானைத் திறந்தார். "எல்லாரும் இருங்கோ. ஒரு வாய் குடியுங்கோ." எஞ்சின் நின்றுபோன அமைதியில், கேட்கக் கூடாத கேள்வியைக் கழுவுவதற்காக, நாங்கள் நால்வரும் வரிசையாகத் தண்ணீர் குடித்தோம். பிளாஸ்டிக் மணமும் மண்ணெண்ணெய் மணமும் கலந்த தண்ணீர். அதன்பிறகுதான் சித்தப்பா எஞ்சினை இழுத்தார்.

காரைநகர்க் கோவளத்தில் வள்ளத்தை மணலில் ஏற்றினோம். இந்த முறை, அங்கே நின்ற மூன்றாவது வெளிச்சவீட்டுக்குக் கிட்டவே போக முடிந்தது. அண்ணாந்து பார்த்தபோது கழுத்து வலித்தது. வாசலில் பூச்சாடி இல்லை. கதவில் துருப்பிடித்த பூட்டு. ஒரு காலில் புதுச் செருப்பும் மற்றக் காலில் ஒன்றும் இல்லாமலும் நொண்டி நொண்டிச் சுற்றிவந்தேன். சுவர் வெயிலில் கொதித்தது. காதை வைத்துக் கேட்டபோது உள்ளே காற்று சுற்றுகிற சத்தமோ, புறா முனகுகிற சத்தமோ, ஏதோ ஒன்று கேட்டது.

"உள்ளுக்கு ஆரப்பா இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை."

"அப்ப இது தனியவோ நிக்குது?"

"ஓம். தனியத்தான்."

"இரவிலை பயமாய் இராதோ?"

சித்தப்பா இதற்கு ஏதாவது சொல்லுவார் என்று அவரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா சுவரில் உள்ளங்கையை வைத்து, சூட்டைப் பொருட்படுத்தாமல் அப்படியே வைத்திருந்து, பிறகு சொன்னார்:

"முதல்லை இருந்திருக்கும். இப்ப பழகியிருக்கும்."

நாங்கள் திரும்பி வந்தபோது அம்மா தறப்பாளை அவிழ்த்திருந்தார். உள்ளே ஒரு பயணப் பை. பைக்கு மேலே என்னுடைய தலையணை.

ஒரு நாள் பயணத்துக்கு யாராவது தலையணை கொண்டுவருவார்களா? பாஸ் பண்ணின பிள்ளை நான். எனக்கு விளங்கிவிட்டது. எனக்கு எல்லாம் விளங்கியது, ஏன் சொல்லவில்லை என்பதைத் தவிர.

அம்மா பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "வா, பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றார். அப்பா அதற்குள் வள்ளத்தைத் தள்ளத் தொடங்கியிருந்தார். சித்தப்பா மறுபக்கம் தள்ளினார். இரண்டு முதுகுகள். அவற்றில் உப்புப் பூத்திருந்தது. வள்ளம் தண்ணீரில் இறங்கியதும் எஞ்சின் சத்தம் கேட்டது. அப்போதுதான் நான் தண்ணீர்க் கரைக்கு ஓடிப்போய்க் கத்தினேன்:

"அப்பா! எங்கை போறியள்?"

எஞ்சின் நின்றது. என் கை வாயை மூடியது. அம்மா பின்னால் வந்து என் தோளைப் பிடித்தார். வள்ளம் அந்த இடத்திலேயே மெல்லச் சுழன்றது. அப்பா திரும்பவில்லை. பலகையில் உட்கார்ந்தார். கானை எடுத்தார், குடித்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்துக் குடித்தார். சித்தப்பாவும் குடித்தார். அப்பா மூன்றாம் தரமும் கானை எடுத்தார். அவ்வளவு தாகம் ஒரு மனிதனுக்கு இருக்க முடியாது. அந்த நேரம் முழுவதும் நான் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்கக் கூடாதென்று தெரிந்தும். பிறகு எஞ்சின் சத்தம் மறுபடி கேட்டது.

மீதி உங்களுக்குத் தெரியும். பொன்னாலைப் பாலத்தால் பஸ் போனபோது நான் ஜன்னலோரம் இருந்தேன். அம்மா வழியில் இறங்கி ஒரு கடையில் றப்பர் செருப்பு வாங்கித் தந்தார். மிஞ்சிய புதுச் செருப்பைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். விடுதி வாசலில் உங்கள் அம்மாமார் உங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். "தலையை ஈரத்தோடை கட்டாதை", "பிள்ளை வடிவாய்ச் சாப்பிடு", "வெள்ளிக்கிழமை வருவம் என்ன". இவையெல்லாம் என் காதில் விழுந்தன. விடுதிப் பொறுப்பாளர், "பிள்ளைக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோவன் அம்மா" என்றார். என் அம்மா பையைக் கீழே வைத்தார், தலையணையை அதன்மேல் வைத்தார், திரும்பி நடந்தார். வாசல் மரத்தைத் தாண்டினார், வீதியைத் தாண்டினார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

வேண்டாத பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அப்படிப் போவார்கள். பதினொரு வயதில் நான் எடுத்த முடிவு அது. அழுதால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது. அதனால் அழவில்லை. எப்படி வந்தாய் என்று நீங்கள் கேட்டதற்குக் "கடலாலை வந்தனான்" என்றேன். நீங்கள் எனக்குக் கடலாமை என்று பெயர் வைத்தீர்கள்.

மேல்மாடி ஜன்னலால் பார்த்தால் கடல் தெரியாது. தண்ணீர்த் தாங்கியும், அதற்கப்பால் தொலைபேசிக் கோபுரமும் தெரியும். பொழுதுபட்டதும் கோபுரத்தின் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். நீங்கள் மண்டபத்தில் செபம் படிக்கும் நேரத்தில் நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வீடு எந்தப் பக்கம் என்று அந்த விளக்கு எனக்குச் சொல்லவில்லை. வடக்கு எதுவென்று தெரியும், பாடத்தில் படித்திருக்கிறேன். படித்ததைக் கொண்டு நானாகவே ஒரு திசையைப் பிடித்து வைத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் பார்த்தால், அது கொழும்புத்துறைப் பக்கம், வீட்டுக்கு மறுதிசை.

அம்மா பார்க்க வரும்போது கருவாடும் பனங்கட்டியும் கொண்டுவருவார். போகும்போது ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போவார். நானும் ஒன்றும் சொல்லப் பழகினதில்லை. ஆவணி விடுமுறைக்கு முதன்முதலாக வீட்டுக்குப் போனபோது படலையடியில் செம்பு தண்ணீரோடு நின்றார். வேற்று வீட்டாளுக்குக் கொடுப்பதுபோல எனக்குத் தண்ணீர் தந்து உபசரிக்கிறாரென்று நினைத்தேன். காலைக்கூடக் கழுவாமல் செம்பைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த ஒரு காலையில்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. யாரும் சொல்லித் தரவில்லை. நான் வாசற்படியில் இருந்து பல் தீட்டிக்கொண்டிருந்தேன். சித்தப்பாவின் மகள் அச்சுவேலிக்குத் தையல் பழகப் புறப்பட்டாள். என் அம்மா படலை வரைக்கும் அவளுக்குப் பின்னால் போய், ஒழுங்கையின் இரண்டு பக்க வீடுகளுக்கும் கேட்கும்படி கத்தினார்: "கவனமாய்ப் போட்டு வா பிள்ளை! பஸ்ஸிலை கையை வெளியாலை நீட்டாதை! பொழுதுபட முன்னம் வந்திடவேணும்!" அவள் சந்தி திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். அந்தக் குரலில் ஒரு சொல் எனக்குக் கிடைத்திருந்தால் என்று நினைத்தேன்.

அம்மா திரும்பி வரும்போது அப்பா சாரத்தை மடித்துக் கட்டினார். அம்மா ஒரு சொல்லும் சொல்லாமல், அவரைப் பார்க்காமல், அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டார். விடுதி வாசலில் நான் பார்த்த அதே முதுகு.

பற்பசை வாயோடு அப்படியே இருந்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பெண்களைக் கத்தித்தான் வழியனுப்புவார்கள். சந்தைக்கும் கோயிலுக்கும் தையலுக்கும் போகிற பெண்கள், திரும்பி வருவார்கள் என்பது நிச்சயம். என்னை அந்த வரிசையில் அவர்கள் வைக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகாத இடத்துக்குப் போனவள் நான். என்னை எப்படி அனுப்புவதென்று அவர்களுக்கு வேறு முறை தெரியாது. பஸ்ஸில் பையோடு போனால் சந்தியில் நிற்கிற ஆட்களெல்லாம் எங்கே எங்கே என்று கேட்பார்கள். வள்ளத்தைப் பார்த்து யாரும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் கடலால் கொண்டுபோனார்கள். கடலுக்குப் போகிற ஆளை அனுப்புவதுபோலவே என்னை அனுப்பினார்கள்.

இது தெரிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை வள்ளம் அல்ல. ஒரு சொல் போதுமாக இருந்தது, அதை அவர்கள் தரவில்லை. எங்கள் வீட்டில் அப்படி அனுப்பப்பட்ட முதல் பெண் நான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையைப் போர்த்திக்கொண்டு படுத்தால் குளிர் போவதில்லை.

போன கிழமை நான் மலைநாட்டுக்குப் புறப்பட்டேன். ஆசிரியர் நியமனம். கடல் கண்ணுக்கெட்டாத ஊர். அப்பா விடியவே கடலுக்குப் போய்விட்டார். அம்மா கிணற்றடியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் பையைத் தூக்கியதும், எதிர்பார்த்தபடி, மறுபக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு கூனியிருக்கிறது. படலை வரைக்கும் போய்விட்டேன். கொக்கியில் கை வைத்தபடி, திரும்பாமலே சொன்னேன்:

"அம்மா, போட்டு வாறன்."

கத்திச் சத்தம் நின்றது. ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். சந்தியில் பஸ் ஹோர்ன் அடிப்பது கேட்டது.

"என்னடி இது, படிச்ச பிள்ளை, வாயைத் திறந்திட்டாய்" என்றார். குரல் எனக்குப் பழக்கமில்லாத மாதிரி இருந்தது. "இனி என்ன செய்யிறது. வந்து இரு. தண்ணி குடிச்சிட்டுப் போ."

மீன் மணக்கிற கையால் செம்பை நீட்டினார். கிணற்றுக் கட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பஸ் போகிற சத்தத்தைக் கேட்டபடி, மெல்ல மெல்லக் குடித்தேன். முடிந்ததும் செம்பைத் திரும்பவும் நீட்டினேன். அம்மா நிரப்பித் தந்தார்.